ஸ்ப்ளிட் போட்டால் மேட்டர் ஓவரா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கொஞ்சம் காட்டமான பதிவு. கணினிப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள் இந்த ஒரு முறை தாண்டிப் போய்விடலாம். போன பதிவு மாதிரி சினிமா, சாப்பாடு எல்லாம் இதில் கிடையாது :-)

விஷயம் இதுதான். உங்களிடம் பத்து சர்வர் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் எஸ்எஸ்ஹெச் வழியாக ஒரு கட்டளையை ஓட்டி, வருகிற பதிலிலிருந்து ஒரே ஒரு எண்ணை மட்டும் எடுக்க வேண்டும். பெர்ல், பைத்தான், ரூபி, எதில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஹாஸ்டலில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "அவுட்புட்டை வாங்கு, ஸ்பேஸ்ல ஸ்ப்ளிட் பண்ணு, பத்தாவதை எடு. மேட்டர் ஓவர்." சீனியர் அண்ணன்கள் சொல்வதும் இதுதான், லேப் மேனுவலில் இருப்பதும் இதுதான், கூகுளில் தேடினால் முதலில் வந்து விழுவதும் இதுதான்.

மேட்டர் ஓவர் ஆகவில்லை என்பது என் கட்சி. தூரத்தில் ஓடுகிற கட்டளை மனிதக் கண்ணுக்காக அச்சிடுகிற வரியை எடுத்து, இடைவெளியைப் பார்த்து வெட்டி, எத்தனையாவது துண்டு என்று எண்ணுவது நிரல் எழுதுவது ஆகாது. அது குத்துமதிப்பு. சரியாக வரும்வரை யாருக்கும் தெரியாது. தப்பாக வந்தாலும் யாருக்கும் தெரியாது என்பதுதான் கொடுமை.

சும்மா திட்டுவதாக நினைக்க வேண்டாம், அப்டைம் கட்டளையை எடுத்துக்கொள்வோம். லினக்ஸில் அது தருகிற வரியைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி இருக்கும்:

10:14:32 அப் 12 டேஸ், 3:12, 2 யூசர்ஸ், லோட் ஆவரேஜ்: 0.15, 0.10, 0.05

கடைசி மூன்று எண்களும் முறையே ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடத்துக்கான சராசரிச் சுமை. நமக்கு வேண்டியது முதலாவது. இடைவெளியில் பிரித்து விரல்விட்டு எண்ணுங்கள். 0.15 பத்தாவது துண்டு. (பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறவர்கள் ஒன்றைக் கழித்துக்கொள்ளவும்.) ஆகா, பத்தாவதை எடு என்று எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டோம்.

ராத்திரி கரண்ட் போய் சர்வர் மறுபடி கிளம்புகிறது. இப்போது "12 டேஸ்" என்ற பகுதியே வரியில் இல்லை. ஓடத் தொடங்கி மூன்று மணி நேரம் ஆனபோது வரி இப்படி:

10:14:32 அப் 3:12, 2 யூசர்ஸ், லோட் ஆவரேஜ்: 0.15, 0.10, 0.05

மறுபடி எண்ணுங்கள். நமக்கு வேண்டியது எட்டாவதில் உட்கார்ந்திருக்கிறது. பத்தாவதில் இருப்பது பதினைந்து நிமிடச் சராசரி. ஸ்கிரிப்ட் அழவில்லை, சிரிக்கவில்லை. ஒரு எண்ணைக் கேட்டோம், வேறொரு எண்ணைக் கொடுத்தது, அதுவும் பார்க்க நியாயமான எண்ணாகவே இருக்கிறது. கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகாதபோது "5 மின்" என்று வருமே, அப்போது நம் எண் ஒன்பதாவது, பத்தாவதில் ஐந்து நிமிடச் சராசரி.

உச்சம் இனிமேல்தான். சர்வர் பல நாளாக ஓடுகிறது என்றால், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம், அதாவது நாள் கணக்கு ஒன்று கூடின கையோடு அடுத்த அறுபது நிமிடம், வரி "12 டேஸ், 5 மின்" என்று மாறும். அப்போது நம் எண் பதினொன்றாவதுக்குப் போய்விடும். பத்தாவதில் இருப்பது "ஆவரேஜ்:" என்ற சொல். பெர்லோ அவ்க்கோ இந்தச் சொல்லை எண்ணாகப் பாவித்தால் விடை பூஜ்யம். தினமும் ஒரு மணி நேரம் உங்கள் சர்வர் சுமையே இல்லாமல் சொர்க்கத்தில் இருப்பதாக ரிப்போர்ட் வரும். வரைபடத்தில் பள்ளம் விழுந்ததைப் பார்த்து "அந்த நேரத்தில் யாரும் பயன்படுத்துவதில்லை போலிருக்கிறது" என்று விளக்கம் சொல்வதற்கும் ஆள் இருப்பார்கள்.

பைத்தானாவது இந்தச் சொல்லை எண்ணாக்க முடியாது என்று பிடிவாதமாக நின்று செத்துவிடும். அந்த வகையில் பைத்தான் நல்ல பிள்ளை. ஆனால் பைத்தானிலும் ஸ்ப்ளிட்டுக்குள் எதுவும் கொடுக்காமல் விடுவது வேறு, ஒற்றை ஸ்பேஸைக் கொடுப்பது வேறு. முதலாவது எத்தனை ஸ்பேஸ் சேர்ந்து வந்தாலும் ஒன்றாகக் கணக்கிடும். இரண்டாவது ஒவ்வொரு ஸ்பேஸிலும் வெட்டி, நடுவில் வெற்றுத் துண்டுகளைப் போடும். அப்டைமில் 3:12 என்றால் முன்னால் இரண்டு ஸ்பேஸ், 13:12 என்றால் ஒன்று. ஆக, காலையில் ஒரு விடை, மாலையில் ஒரு விடை. பெர்லில் இதைவிட வேடிக்கை. மேற்கோளுக்குள் ஒரு ஸ்பேஸ் போட்டால் ஒரு அர்த்தம், அதே ஸ்பேஸைச் சாய்வுக்கோடுகளுக்குள் போட்டால் வேறு அர்த்தம்!

இத்தனை கூத்துக்கும் தேவையே இல்லை. அதே லினக்ஸில் /ப்ராக்/லோட்ஆவ்ஜி என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதை கேட் செய்தால் ஒரே வரி, முதல் மூன்றும் நமக்கு வேண்டிய எண்கள், எப்போதும் அதே இடத்தில். சர்வர் எத்தனை நாள் ஓடுகிறது, யார் லாகின் செய்திருக்கிறார்கள் என்ற ஊர்க்கதையெல்லாம் அதில் கிடையாது.

"ஒரு எண் தப்பானால் என்னப்பா, குடியா முழுகிவிடும்?" என்பார்கள். முழுகியதைச் சொல்கிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். இறுதியாண்டு பிராஜெக்ட்டுகளை ஏற்றிவைக்க ஒரு பழைய சர்வர், சென்ட்ஓஎஸ் 6. லேபைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருவர் டிஎஃப் கட்டளையை எஸ்எஸ்ஹெச் வழியாக ஓட்டி, ஐந்தாவது துண்டை எடுத்து, டிஸ்க் 90 சதவீதம் தாண்டினால் மெயில் அனுப்புகிற பெர்ல் ஸ்கிரிப்ட் ஒன்றைப் போட்டுவைத்திருந்தார். மற்ற மெஷின்களில் ஜோராக ஓடியது. இந்த ஒன்றில் மட்டும் டிஸ்க்கின் பெயர் நீளம். எல்விஎம் போட்டால் வருமே, /டெவ்/மேப்பர்/ என்று தொடங்கி ஒரு முழம் நீளத்துக்கு, அது. அந்தக் காலத்து டிஎஃப் இப்படி நீளமான பெயர் வந்தால் பெயரை மட்டும் ஒரு வரியில் போட்டுவிட்டு மற்றதை அடுத்த வரிக்குத் தள்ளிவிடும். கண்ணால் பார்க்கிறவனுக்கு அது வசதி. ஸ்கிரிப்டுக்கோ முதல் வரியில் ஐந்தாவது துண்டே இல்லை. இரண்டாவது வரியில் எல்லாம் ஓரிடம் நகர்ந்து, சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாய்வுக்கோடு. இரண்டுமே பெர்லுக்குப் பூஜ்யம். பூஜ்யம் 90ஐத் தாண்டாது அல்லவா?

சமர்ப்பிக்கக் கடைசி நாள் ராத்திரி டிஸ்க் நிரம்பிவிட்டது. ஏற்றிய ஜிப் கோப்புகள் பெயர் மட்டும் இருந்து உள்ளே பூஜ்யம் பைட்டாக உட்கார்ந்துகொண்டன. மறுநாள் "நீ ஏற்றவே இல்லை, வெற்றுக் கோப்பைப் போட்டு ஏமாற்றப் பார்த்தாய்" என்று பசங்களுக்குத்தான் திட்டு விழுந்தது. டிஸ்க்கைப் பார்க்கச் சொன்னபோது வந்த பதில், "மானிட்டரிங் இருக்கு, மெயில் எதுவும் வரலையே". பெர்ல் பாவம், "இது எண் இல்லையே" என்று தினமும் எச்சரிக்கை கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. அது கிரான் வழியாக ரூட்டின் மெயில்பெட்டிக்குப் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தது. அந்தப் பெட்டியை யார் திறக்கிறார்கள்?

டிஎஃப்-க்குப் பெரிய எழுத்து பி என்ற ஆப்ஷன் ஒன்று உண்டு. ஒரு டிஸ்க்குக்கு ஒரே வரி, இன்ன வரிசையில் இன்னது என்று போசிக்ஸ் தரநிலையே வரையறுத்துவைத்திருக்கிறது. ஒரே ஒரு எழுத்து! அந்த அண்ணனைக் குறைசொல்லவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தில் அந்த எழுத்து இல்லை.

நிற்க. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? யூனிக்ஸில் பைப் வந்தது 1973இல். ஒரு நிரலின் அவுட்புட் இன்னொரு நிரலின் இன்புட் ஆகும், நடுவில் ஓடுவது வெறும் எழுத்து வரிகள். டக் மெக்கில்ராய் இந்த யோசனையை விடாமல் வலியுறுத்தினார், கென் தாம்சன் எழுதிக் கொடுத்தார். 1977இல் அவ்க், 1987இல் லாரி வாலின் பெர்ல். வரியை இடைவெளியில் வெட்டுவதை ஒரு கலையாக்கியவர்கள் இவர்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் சூழ்நிலையைக் கவனியுங்கள். இரண்டு நிரல்களும் ஒரே மெஷினில். பெரும்பாலும் இரண்டையும் எழுதியவர்கள் ஒரே கட்டடத்தில். வடிவம் மாறினால் நடந்துபோய்ச் சண்டை போடலாம்.

1983இல் 4.2 பிஎஸ்டியோடு ஆர்எஸ்ஹெச் வந்து, 1995இல் பின்லாந்தில் டாட்டு யுலோனன் எஸ்எஸ்ஹெச் எழுதியதும் கதை மாறிவிட்டது. (பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளைத் திருடிய கடுப்பில் எழுதியது. கடுப்பில் பிறந்த நல்ல காரியங்களில் ஒன்று.) இப்போது கட்டளை ஓடுவது எங்கேயோ. அங்கே எந்தப் பதிப்பு, எந்த மொழி, எந்த அமைப்பு என்று நமக்குத் தெரியாது. ஆனால் வெட்டும் கத்தி மட்டும் நம் கையில், நம் லேப்டாப்பின் அவுட்புட்டைப் பார்த்துத் தீட்டியது. உள்ளூரில் ஓரளவு செல்லுபடியான பழக்கத்தைக் கேள்வி கேட்காமல் வெளியூருக்கும் கொண்டுபோனோம் பாருங்கள், அங்கேதான் என் சண்டை.

ஐஎஃப்கான்ஃபிக் கட்டளையின் பழைய வடிவத்தில் ஐபி முகவரி "ஆடர்:" என்ற சொல்லோடு ஒட்டி வரும். அதனால் கோலனில் வெட்டு என்று ஊரெல்லாம் எழுதிவைத்தார்கள். 2014இல் ரெட்ஹேட் 7 வந்தது, புதிய வடிவத்தில் அந்தக் கோலனையே காணோம். பாதி சர்வர் 6, பாதி சர்வர் 7 என்று இருந்தவர்கள் பாடு திண்டாட்டம். மேக்கில் டிஎஃப் ஓட்டினால் ஐநோட் கணக்கு என்று நடுவில் கூடுதல் பத்திகள். 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10இல் எல்எஸ், டிஎஃப் போன்றவற்றின் காலங்காலமான ஜிஎன்யு வடிவங்களை எடுத்துவிட்டு, ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதியவற்றை வைத்துவிட்டார்கள். எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கும் என்று நம்பி யார் உட்கார்ந்திருப்பது?

மொழி விஷயம் இன்னும் சூட்சுமம். டெபியன், உபுண்டுவில் எஸ்எஸ்ஹெச் இயல்பாகவே உங்கள் மெஷினின் மொழி அமைப்பை அந்தப் பக்கத்துக்குக் கடத்துகிறது, அந்தப் பக்கமும் இயல்பாகவே ஏற்றுக்கொள்கிறது. அதாவது அதே ஸ்கிரிப்டை, அதே சர்வர் மேல், ஜெர்மன் அமைப்பு வைத்திருக்கும் ஒருவர் ஓட்டினால், அந்த மொழி சர்வரில் நிறுவப்பட்டிருக்கும் பட்சத்தில், டிஎஃப்-இன் தலைப்பே ஜெர்மனில் வரும். 0.15 என்பது 0,15 ஆகும். காற்புள்ளியில் ஸ்ப்ளிட் போட்ட புண்ணியவானுக்கு மூன்று எண்கள் ஆறு எண்களாகும். தமிழ் லோகேலில் தசமப் புள்ளி புள்ளியாகவே இருப்பதால் நாம் தப்பித்தோம். கட்டளைக்கு முன்னால் எல்சி_ஆல் மாறிக்கு சி என்று மதிப்புக் கொடுத்தால் இந்தத் தொல்லை தீரும். எத்தனை பாடக்குறிப்பில் இதைப் பார்த்திருக்கிறீர்கள்?

அப்புறம் அந்த சிறிய எழுத்து டி ஆப்ஷன். சென்ட்ஓஎஸ் 5, 6 காலத்தில் டெர்மினல் இல்லாவிட்டால் சூடோ ஓட மாட்டேன் என்று அடம்பிடிக்கும். உடனே எஸ்எஸ்ஹெச்-க்கு -டி போட்டு ஒரு போலி டெர்மினலை உண்டாக்குங்கள் என்று எல்லோரும் எல்லோருக்கும் சொன்னார்கள். காரணம் போய்விட்டது, -டி மட்டும் ஸ்கிரிப்ட்களில் பரம்பரைச் சொத்தாக நிற்கிறது. அது என்ன செய்கிறது தெரியுமா? அந்தப் பக்கத்துக் கட்டளை, எதிரே ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளும். எல்எஸ் பெயர்களைப் பல பத்திகளாக அடுக்கும். 2016க்குப் பிந்தைய ஜிஎன்யு எல்எஸ் ஆனால், ஸ்பேஸ் உள்ள பெயர்களுக்கு மேற்கோள்குறி வேறு மாட்டிவிடும். ஒவ்வொரு வரிமுடிவிலும் கேரேஜ் ரிட்டர்ன் என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்று ஒட்டிக்கொள்ளும். பெர்லின் சாம்ப் அதைத் தொடாது. திரையில் அச்சிட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும், ஒப்பிட்டால் மட்டும் பொருந்தாது. அரை நாள் போச்சு.

இதைவிட மோசம், -டி போட்டால் பிழைச் செய்தியும் உண்மையான பதிலும் ஒரே குழாயில் கலந்து வரும். எஸ்எஸ்ஹெச் நெறிமுறை இரண்டையும் தனித்தனியாக அனுப்ப வழி வைத்திருக்கிறது, கட்டளை எப்படி முடிந்தது என்ற எண்ணையும் தனிச் செய்தியாக அனுப்புகிறது. அழகாக மூன்று தட்டில் பரிமாறியதை ஒன்றாகக் கொட்டிப் பிசைந்துவிட்டு, பிறகு ஸ்ப்ளிட் போட்டுப் பருக்கை பொறுக்குகிறோம்.

நம் தமிழுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பாராமிகோ மாதிரி நூலகத்தில் 1024 பைட், 1024 பைட்டாக வாங்கி, வாங்க வாங்க வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வரி எங்கே முடிகிறது என்று நெட்வொர்க்குக்குத் தெரியாது, கவலையும் கிடையாது. ஒரு வரியின் பாதி இந்தத் தவணையிலும் மீதி அடுத்த தவணையிலும் வரும். ஆங்கிலம் என்றால் வரி மட்டும்தான் உடையும். யுடிஎஃப்-8இல் "க" மூன்று பைட், "கி" ஆறு பைட். தமிழில் கோப்புப் பெயர் வைத்திருந்தால் எழுத்தே நடுவில் உடைந்து, டிகோட் செய்ய முடியவில்லை என்று நிரல் படுத்துவிடும். உடனே "அதான் தமிழ்ல பேர் வைக்காதேன்னு சொன்னேன்" என்று ஒரு குரல் வரும் பாருங்கள், அந்தக் குரல்மேல்தான் எனக்கு அசாத்தியக் கோபம். முழுவதும் வாங்கி முடித்து அப்புறம் டிகோட் செய், அப்புறம் வெட்டு. குற்றம் தவணையில் வெட்டியவருடையது, பெயர் வைத்தவருடையது அல்ல.

கோப்புப் பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. யூனிக்ஸ் வகையறாவில் சாய்வுக்கோடும் நல் என்ற பூஜ்ய பைட்டும் தவிர வேறு எந்த பைட்டும் பெயரில் வரலாம். ஸ்பேஸ் வரலாம், புதுவரிகூட வரலாம். எல்எஸ்-இன் நீண்ட பட்டியலை வெட்டி ஒன்பதாவது துண்டுதான் பெயர் என்று எடுத்தால், "மார்ச் பில்" என்ற கோப்பு "மார்ச்" ஆகிவிடும். அதை அழிக்கும் கட்டளைக்குக் கொடுத்தீர்கள் என்றால், "மார்ச்" என்ற பெயரில் வேறொரு கோப்பு இருந்தால் அதன் கதை முடிந்தது. ஆக்டிவ் டைரக்டரியோடு இணைத்த சர்வர்களில் குழுவின் பெயரே "டொமைன் யூசர்ஸ்" என்று நடுவில் ஸ்பேஸோடு வரும், அப்போது எல்லாப் பத்தியும் ஓரிடம் நகரும். ஃபைண்ட் கட்டளைக்கு -பிரிண்ட்0 என்று ஒரு ஆப்ஷன் உண்டு. ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் நல் பைட்டை வைக்கும். பெயருக்குள் வரவே முடியாத எழுத்து பிரிப்பானாக நிற்கிறது, அதில் வெட்டினால் யாரும் கேள்வி கேட்க முடியாது. பல காலமாக இருந்தது, 2024 போசிக்ஸ் பதிப்பில் தரநிலைக்குள்ளேயே வந்துவிட்டது.

இப்போது எதிர்க்கட்சி. "ஒரே ஒரு தடவை ஓட்டித் தூக்கிப் போடுகிற வேலைக்கு இவ்வளவு சாங்கியமா?" நியாயம். கண்முன்னால் ஓட்டி, விடையைக் கண்ணாலும் சரிபார்க்கிறீர்கள் என்றால் தாராளமாக வெட்டுங்கள், நானும் தினமும் வெட்டுகிறேன். கிரானில் போட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்களோடுதான் எனக்குத் தகராறு. ஒரு தடவை ஓட்டிய ஸ்கிரிப்ட்தான் ஆறு மாதத்தில் கிரானுக்குக் குடிபோகிறது என்பது வேறு கதை.

"அப்படியானால் எழுத்து வரியே வேண்டாம், பவர்ஷெல் மாதிரி ஆப்ஜெக்டாக அனுப்பு" என்று ஒரு கூட்டம். 2006இல் வந்த பவர்ஷெல் இந்த விஷயத்தில் யூனிக்ஸ்காரர்களைவிடத் தெளிவாக யோசித்தது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், வயிறு எரிந்தாலும். ஃப்ரீபிஎஸ்டி 11, 2016இல், பல அடிப்படைக் கட்டளைகளுக்கு ஜேசான் அவுட்புட் கொடுத்தது. லினக்ஸிலும் ஐபி கட்டளைக்கு -ஜே போட்டால் ஜேசான் வருகிறது. இருக்கும் இடத்தில் கட்டாயம் பயன்படுத்துங்கள். ஆனால் அதுவும் சர்வரோக நிவாரணி அல்ல. அந்தப் பக்கத்தில் யாராவது பாஷ்ஆர்சி கோப்பில் "வெல்கம்" என்று ஒரு எக்கோ போட்டுவைத்திருந்தால், அது உங்கள் ஜேசானுக்கு முன்னால் வந்து நிற்கும்.

"ஆன்சிபிள் இருக்கே" என்பார்கள். 2012இல் வந்தது, அது அனுப்பும் மாட்யூல்கள் ஜேசானில்தான் பதில் சொல்கின்றன, உண்மை. அப்புறம் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? ஷெல் மாட்யூலில் டிஎஃப் ஓட்டி, வந்த வரியை ஸ்ப்ளிட் போடுகிறார்கள். கார் வாங்கி மாடு கட்டி இழுக்கிற கதை.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்திடம் என்ன வேண்டுமோ அதை மட்டும், நாம் தேர்ந்தெடுத்த பிரிப்பானோடு கேட்க வேண்டும். பிஎஸ் கட்டளையிடம் பிராசஸ் எண்ணும் பெயரும் மட்டும் கொடு, தலைப்பு வேண்டாம் என்று சொல்ல முடியும். ஸ்டாட் கட்டளையிடம் அளவை மட்டும் கேட்க முடியும். முடிவு எண்ணை முதலில் பார்க்க வேண்டும், 255 வந்தால் பெரும்பாலும் எஸ்எஸ்ஹெச்சே தோற்றது என்று அர்த்தம், அப்போது வெட்டுவதற்கு எதுவும் இல்லை. வெட்டிய பிறகு எத்தனை துண்டு என்று எண்ணி, எதிர்பார்த்தது வராவிட்டால் சத்தம்போட்டுச் சாக வேண்டும். பூஜ்யம் என்று எழுதிவைத்துவிட்டுச் சிரிக்கக் கூடாது. எல்லாம் சேர்த்து ஐந்தாறு வரி அதிகம்.

லேப் தேர்வில் இந்த ஐந்தாறு வரிக்கு மதிப்பெண் கிடையாது. எதிர்பார்த்த அவுட்புட் வந்ததா, கையெழுத்து, அடுத்த ஆள். ஒரு தடவையாவது தேர்வாளர் அந்தப் பக்கத்து மெஷினை ரீபூட் செய்துவிட்டு "இப்ப ஓட்டு தம்பி" என்று சொல்லட்டும்.

பி.கு.: மேக்கில் டபிள்யூசி கட்டளை எண்ணுக்கு முன்னால் கொஞ்சம் ஸ்பேஸ் விட்டுத்தான் கொடுக்கும், லினக்ஸில் விடாது. ஒற்றை ஸ்பேஸில் வெட்டி "முதல் துண்டு காலியா இருக்கே" என்று இந்த வாரம் வந்து கேட்ட ஜூனியர் தம்பி, உனக்கான பதில் இதுதான். அடுத்த வாரம் செமஸ்டர், ஆணி அதிகம். அதற்குப் பிறகு பார்ப்போம்.